எண் கொடுக்கும் கை

(இளையரசனேந்தலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கரிசல் காட்டுக் களத்துமேட்டில் தானியம் அளந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இச்சபையில் இன்னும் சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், இன்றைய விஷயத்தை அந்தக் களத்திலிருந்தே தொடங்குகிறேன். கம்போ சோளமோ உளுந்தோ, தூற்றி முடித்து அம்பாரமாய்க் குவித்த பின்னர், அளக்கிறவர் முதல் மரக்காலை நிரப்பிச் சாக்கில் கவிழ்க்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். அடுத்த மரக்கால் நிரம்பும் வரையில் ‘லாபம், லாபம்’ என்று அந்தச் சொல்லையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்து, அது கவிழ்ந்த க்ஷணத்தில் ‘ரெண்டு, ரெண்டு’ என்று மாறுவார். முதல் எண்ணையே மங்கலச் சொல்லாக்கிய அழகைப் பலரும் வியந்து பேசியிருக்கிறார்கள். சிறுவயதில் களத்து ஓரம் நின்று பார்த்த எனக்கு மனத்தில் பதிந்தது வேறொன்று. அளக்கிற கையும் எண்ணுகிற வாயும் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருந்தன. ஓர் அம்பாரத்தை இரண்டு பேர் இரண்டு மரக்காலால் அளந்துகொண்டு, ஒருவர் வாயை ஒருவர் பார்த்து எண் சொல்லிக்கொண்டிருந்த களம் எதையும் நான் கண்டதில்லை. அப்படி அளந்தால் இரண்டு பேரும் ஒரே மூச்சில் ‘பதினேழு’ என்று சொல்லிவிடுவார்கள் என்பதும், வாரம் பிரிக்கும்போது ஒரு மரக்கால் காணாமற்போகும் என்பதும், எந்த விவசாயிக்கும் எடுத்துச் சொல்ல அவசியமில்லாத சங்கதிகள்.

கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பதிவேடுகளில், ஒவ்வொரு பதிவுக்கும் வேறொன்றுக்கு இல்லாத தொடரெண் ஒன்றைப் பிழையின்றிக் கொடுப்பது எப்படி என்பதே நான் பேச வந்த பொருள். இதைச் சிறிய விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். ரேஷன் அட்டையிலிருந்து கிரயப் பத்திரம் வரையில், மின்சார இணைப்பிலிருந்து வங்கிக் கணக்கு வரையில், இன்று ஒரு மனிதனுடைய உரிமைகளில் பெரும்பகுதி ஏதோ ஓர் எண்ணின் வாயிலாகத்தான் அவனைத் தேடி வந்து சேருகிறது; ஒரே எண் இரண்டு பேருக்குப் போய்விட்டால், ஒருவனுடைய உரிமை மற்றவன் வீட்டு வாசலில் போய் நிற்கும்.

பழைய காகிதப் பேரேட்டில் எண் இல்லாவிட்டாலும் ஒரு பதிவைக் கண்டுபிடிக்க முடிந்தது. ‘நாற்பதாம் பக்கத்தில் மேலிருந்து ஐந்தாவது வரி’ என்று சொன்னால் போதும். கம்ப்யூட்டர்ப் பேரேட்டில் அந்த வசதி இல்லை. 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஐ.பி.எம். ஸ்தாபனத்தின் கலிபோர்னியா ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஒரு கட்டுரையிலிருந்து கிளைத்ததுதான் இன்று நாம் உறவுநிலைத் தரவுத்தளம் என்று சொல்லும் முறை. அந்த முறையில் எல்லாத் தகவலும் அட்டவணைகளாக இருக்கும்; ஆனால் அட்டவணையின் வரிகளுக்கு முன் பின் என்ற கிரமம் கிடையாது. முதல் வரி, கடைசி வரி என்று கேட்பதற்கே அங்கே அர்த்தமில்லை. ஒரு வரியை இன்னதென்று சுட்ட வேண்டுமானால், அந்த வரிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் ஏதோ ஒரு மதிப்பைக் கொண்டுதான் சுட்டியாக வேண்டும். காட் அதற்கு முதன்மைச் சாவி என்று பெயர் வைத்தார். பெயரைச் சாவியாக்கலாம் என்றால், நம்முடைய ஊர்களில் ஒரே தெருவில் மூன்று சுப்பையாக்களும், அவர்களில் இரண்டு பேருக்கு ஒரே தகப்பனார் பெயரும் இருப்பது சகஜம். ஆகவே எண்தான் சாவி என்றாகிறது.

இனி, அந்த எண்ணைத் தப்பாகக் கொடுப்பது எப்படி என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, தீப்பெட்டிச் சரக்கை வட தேசங்களுக்கு லாரியில் அனுப்பும் ஒரு ஸ்தாபனத்துக்குப் பில் போடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பில்லுக்கு எண் வேண்டுமே. அதற்கு நான் கண்ட வழி, பில் அட்டவணையில் இதுவரையில் உள்ள எண்களில் பெரிய எண் எது என்று கேட்டு, வந்த விடையோடு ஒன்றைக் கூட்டி, அதையே புதிய பில்லின் எண்ணாக எழுதுவது. இதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை என்று அப்போது தோன்றிற்று. முன் ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்த காலம் முழுவதும் அது ஒரு குறையுமின்றி ஓடிற்று. வியாபாரம் பெருகி, பின்னாலிருந்த கோடவுனிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதன் பிறகும் சில மாதங்கள் ஒன்றும் நேரவில்லை.

ஒரு நாள் மாலை, தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில், இரண்டு லாரிகள் ஒரே சமயத்தில் கிளம்பக் காத்துக்கொண்டிருந்தன. முன் ஆபீஸ் குமாஸ்தா பொத்தானை அழுத்தினார். அவருடைய கம்ப்யூட்டர், ‘பெரிய எண் எது?’ என்று கேட்டு, ‘416’ என்ற விடையைப் பெற்றது. அது ஒன்றைக் கூட்டி எழுதி முடிப்பதற்குள், கண் இமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளியில், கோடவுனிலிருந்தவர் பொத்தானை அழுத்தினார். அவருடைய கம்ப்யூட்டரும் அதே கேள்வியைக் கேட்டது. முதலாமவரின் பில் இன்னும் ஏறாததால் அதற்கும் ‘416’ என்ற விடையே வந்தது. இருவரும் 417 என்று எழுதினார்கள். இரண்டு லாரிகள் ஒரே பில் எண்ணோடு புறப்பட்டுப் போயின. சோதனைச் சாவடியில் ஒரு லாரி இரவு முழுவதும் நின்றதும், ஒரு வியாபாரி அனுப்பிய பணம் இன்னொரு வியாபாரி கணக்கில் வரவாகி, அதைத் தீர்க்க மூன்று மாதம் ஆனதும், அந்த லாரி ஓட்டுநர் சோறு தண்ணீர் இல்லாமல் சாலையோரத்தில் காத்திருந்ததும் பின்னால் என் காதுக்கு வந்தன. பிழை என்னுடையது. அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை.

என்ன நடந்தது என்பதைக் கூர்ந்து பார்த்தால், இரண்டு கம்ப்யூட்டர்களும் பொய் சொல்லவில்லை என்பது தெரியும். 416 என்று வந்த விடை, அது வந்த க்ஷணத்தில் சத்தியமான விடைதான். பார்ப்பது, கூட்டுவது, எழுதுவது என்று காரியம் மூன்றாய்ப் பிரிந்து கிடந்ததும், பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் உலகம் மாறிவிட இடம் இருந்ததும்தான் அங்கே இருந்த கோளாறு. களத்தில் மரக்கால் கவிழ்வதும் எண் மாறுவதும் ஒரே அசைவாக இருந்தது. நான் எழுதிய நிரலில் அவை இரண்டு அசைவுகளாக இருந்தன. இப்படிப்பட்ட பிழையில் மிகவும் பயப்பட வேண்டிய அம்சம், அது சோதனை செய்யும்போது வெளிப்படாது என்பதே. தனியாக உட்கார்ந்து ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாலும் ஆயிரம் தடவையும் சரியாக இருக்கும். இரண்டு பேர் அவசரப்படும் நாளில்தான் அது தலைகாட்டும்.

இதற்கு முதல் காவலாக, எண் இருக்கும் பத்தியின் மேல் ‘இங்கே ஒரே மதிப்பு இரு முறை வரக்கூடாது’ என்ற தனித்துவக் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திடமே அறிவித்துவிட வேண்டும். அப்படி நான் அறிவித்திருந்தால், இரண்டாவது 417 ஏற மறுக்கப்பட்டு, கோடவுன் கம்ப்யூட்டரில் ஒரு பிழைச் செய்தி வந்திருக்கும். குமாஸ்தா மறுபடி பொத்தானை அழுத்த, 418 கிடைத்திருக்கும். லாரி போயிருக்கும். வேறு எந்த உபாயத்தைக் கைக்கொண்டாலும் இந்தக் காவலை மட்டும் எடுத்துவிடக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். நிரல் எழுதுகிறவன் மாறுவான், நிரல் மாறும், அவசரத்துக்கு யாரோ ஒருவர் நேரடியாக அட்டவணைக்குள் புகுந்து ஒரு வரியைச் சேர்ப்பார்; கட்டுப்பாடு அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

ஆனால் காவல் வேறு, எண் கொடுப்பது வேறு. எண் கொடுப்பதற்கென்றே தரவுத்தளங்களில் ஓர் உறுப்பு இருக்கிறது. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளங்களில் அதற்கு சீக்வென்ஸ் என்று பெயர், மைசீக்வலில் ஆட்டோ இன்க்ரிமென்ட் என்று அதனுடைய இன்னொரு ரூபம். ‘அடுத்த எண் கொடு’ என்று எத்தனை பேர் ஒரே சமயத்தில் கை நீட்டினாலும், அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகவே கொடுக்கும்; ஒருவருக்குக் கொடுத்ததை மறந்தும் மற்றவருக்குக் கொடுக்காது. அளக்கிறவரின் வாய் அதுவே. எண்ணை வாங்கியவர் அதை எழுதி முடிக்கும் வரையில் பிறரைக் காக்க வைப்பதும் இல்லை. கொடுக்கப்பட்ட எண் எது என்பதை அறிய, மறுபடியும் ‘பெரிய எண் எது’ என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பக்கத்துக் கம்ப்யூட்டர் அப்போதுதான் வாங்கிய எண் உங்களிடம் வந்து சேரும். எழுதும்போதே ‘எழுதிய எண்ணைத் திருப்பிச் சொல்’ என்று கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதைத்தான் கைக்கொள்ள வேண்டும்.

சீக்வென்ஸைப் பற்றிக் கணக்குப்பிள்ளைகள் எல்லோரும் தவறாமல் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. ‘ஐயா, 512-க்குப் பிறகு 514 வந்திருக்கிறது, 513 எங்கே?’ என்பார்கள். 513-ஐ ஒருவர் வாங்கினார். பாதியில் காரியம் முறிந்து, பரிவர்த்தனை என்று சொல்லும் அந்த முழுக் காரியமும் ரத்தாகிவிட்டது. மற்ற எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பும். சீக்வென்ஸ் மட்டும் திரும்பாது. திரும்ப வேண்டுமானால், அவர் முடிக்கிறாரா முறிக்கிறாரா என்று தெரியும் வரையில் மற்றவர்கள் எல்லோரும் நிற்க வேண்டும். நிற்க வைக்கக் கூடாது என்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது.

டிக்கெட் மெஷின் வருவதற்கு முன்பு, கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்த பஸ்களில் கண்டக்டர் கையில் இருந்த டிக்கெட் கட்டுகளை நினைத்துப் பாருங்கள். டிப்போவில் ஒரு குமாஸ்தா, இந்தக் கண்டக்டருக்கு இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரையில் என்று கட்டாகக் கொடுத்துவிடுவார். வேபில்லில் ஆரம்ப எண்ணும் முடிவு எண்ணும் ஏறும். ஒவ்வொரு பிரயாணிக்கும் டிக்கெட் கிழிக்க, கண்டக்டர் டிப்போவுக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு பஸ்களில் ஒரே எண் டிக்கெட் வருவதற்கும் வழியில்லை. ஆரக்கிளின் சீக்வென்ஸ் இதையேதான் செய்கிறது. வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் இருபது எண்களை ஒரு கட்டாக எடுத்து நினைவில் வைத்துக்கொண்டு கொடுக்கிறது. மின்சாரம் போய்க் கம்ப்யூட்டர் நின்றால், கட்டில் மிச்சமிருந்தவை போனவைதான். மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வரில், 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு வந்த புதிதில், எதிர்பாராமல் ஒருமுறை நின்று எழுந்தால் எண் ஆயிரம் தாண்டி நிற்பதைக் கண்டு பலர் திகைத்தார்கள். திகைக்க வேண்டியதில்லை. எண் இங்கே ஒரு பெயர். இந்தப் பெயர் யாருக்கும் வைக்கப்படவில்லை என்பதால் ஒருவருக்கும் நஷ்டம் கிடையாது.

எண் விடுபடுவதைக் கண்டு இவ்வளவு சஞ்சலப்படுகிறவர்கள், எண் திரும்ப வருவதைக் கண்டு அதில் பாதிகூடச் சஞ்சலப்படுவதில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. மைசீக்வலில் வெகுகாலம் இருந்த ஒரு குறையைச் சொல்கிறேன். அடுத்த எண் எது என்பதை அது நினைவில் மட்டும் வைத்திருந்தது. நின்று எழும்போது, அட்டவணையில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து அதிலிருந்து மறுபடி தொடங்கும். கடைசியாக ஏறிய 900-ஆம் வரியை யாரேனும் அழித்துவிட்டு, அன்றிரவே கம்ப்யூட்டரும் நின்று எழுந்தால், மறுநாள் வருகிறவருக்கு அதே 900 கிடைக்கும். அழிக்கப்பட்டவரின் ரசீதும், கடிதமும், வேறு ஏடுகளில் அவரைப் பற்றிய குறிப்புகளும் 900 என்ற எண்ணோடு உலகத்தில் உலாவிக்கொண்டிருக்க, அவை அத்தனையும் புதியவர் தலையில் போய் விழும். 2003-இல் முறைப்படி பதிவான இந்தக் குறை, 2018-இல் 8.0 பதிப்பு வந்தபோதுதான் நீங்கிற்று.

இதுவரையில் சொன்னது, விடுபட்டால் பாதகமில்லாத எண்களைப் பற்றி. விடுபடவே கூடாது என்று சட்டமே சொல்லும் எண்களும் இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது உங்கள் ஒவ்வொருவர் வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறது. பத்திரப் பதிவுக்கு இன்றும் ஆதாரமாயிருக்கும் 1908-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 53-ஆவது பிரிவைப் பாருங்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஏறும் பதிவுகள் இடையறாத தொடராக எண்ணிடப்பட வேண்டும். அத்தொடர் வருஷத்தோடு தொடங்கி வருஷத்தோடு முடிய வேண்டும். புது வருஷத்துக்குப் புதுத்தொடர். 16-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. பதிவுப் புத்தகத்தின் பக்க எண்கள் அச்சிலேயே வரிசையாக இருக்க வேண்டும்; மொத்தம் எத்தனை பக்கம் என்று, புத்தகத்தைக் கொடுக்கிற அதிகாரி முதல் ஏட்டில் சான்று எழுத வேண்டும். ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். நடுவில் ஒரு தாளைச் செருகினாலும் தெரிந்துவிடும். 52-ஆவது பிரிவு, பதிவுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட கிரமத்திலேயே தஸ்தாவேஜுகளைப் பிரதி செய்ய வேண்டும் என்கிறது. 60-ஆவது பிரிவின்படி எண்ணும் பக்கமும் மூலப் பத்திரத்தின் மேலேயே எழுதப்படுகின்றன. கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, தனித்துவம், இடைவெளியின்மை, கிரமம் என்ற மூன்றையும் வேறு வேறாகப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் வைத்தவர்களுடைய மதிநுட்பத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். நம் மாநிலத்தில் இந்தக் காரியங்கள் எல்லாம் இப்போது ‘ஸ்டார்’ என்ற மென்பொருளுக்கு வந்துவிட்டன. அதன் இரண்டாம் பதிப்பு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. ஏடு போய்த் திரை வந்தாலும், 53-ஆவது பிரிவு அப்படியே நிற்கிறது.

இப்படிப்பட்ட எண்ணுக்கு சீக்வென்ஸ் உதவாது. வேறு உபாயம் வேண்டும். சின்னதாக ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். அதில் காரியாலயம், வருஷம், புத்தகம், கடைசியாகக் கொடுத்த எண் என்று நான்கே பத்திகள். புதிய தஸ்தாவேஜு வரும்போது, ‘இந்தக் காரியாலயத்தின் இந்த வருஷத்து, இந்தப் புத்தகத்து வரியில் கடைசி எண்ணை ஒன்று கூட்டு, கூட்டியதைச் சொல்’ என்று ஒரே வாக்கியத்தில் தரவுத்தளத்துக்கு ஆணையிட வேண்டும். கூட்டும் க்ஷணத்தில் அந்த வரியின் மேல் ஒரு பூட்டு விழுகிறது. அடுத்து வருகிறவர், முதலாமவர் பரிவர்த்தனையை முடிக்கும் வரையிலோ முறிக்கும் வரையிலோ வாசலில் நிற்கிறார். முதலாமவர் முடித்தால் இவருக்கு அடுத்த எண். முறித்தால் அதே எண் இவருக்கு. எண்ணும் பத்திரமும் ஒன்றாக ஏறுகின்றன அல்லது ஒன்றாக இறங்குகின்றன. ஆகவே இடைவெளி விழ வழியில்லை.

இதற்குக் கொடுக்கும் விலை காத்திருப்பு. அந்த விலை குறைய வேண்டுமானால் எண்ணைக் கடைசியில் வாங்க வேண்டும். பெயரைச் சரிபார்ப்பது, முத்திரைத் தீர்வையைப் பார்ப்பது, புகைப்படமும் கைரேகையும் எடுப்பது எல்லாவற்றையும் முடித்துவிட்டு, முடிவில் பூட்டைப் போட்டு, எண்ணை வாங்கி, எழுதி, உடனே பூட்டைத் திறந்துவிட வேண்டும். எண்ணை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ‘சாட்சி வரட்டும்’ என்று உட்கார்ந்தால், அந்தச் சாட்சி டீக்கடையிலிருந்து வரும் வரைக்கும் காரியாலயம் முழுவதும் நின்றுபோகும். நம் பதிவு அலுவலகங்களில் ஏதோ காரணத்தால் முடிவாகாத பத்திரங்களுக்கு வேறொரு நிலுவை எண் கொடுத்து ஒதுக்கி வைக்கும் வழக்கத்தில் இருக்கும் விவேகம் இதுவே: சந்தேகத்தில் இருப்பது ஒரு வரிசை, தீர்ந்தது இன்னொரு வரிசை. பில் போடும் வியாபாரிகளுக்கும் இதைச் சொல்வேன். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது வகுத்த விதிகளில் 46-ஆவது விதி, பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், பதினாறு எழுத்துக்கு மேற்படக் கூடாது, ஒரு நிதியாண்டில் ஒருமுறைதான் வர வேண்டும் என்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் வைத்துக்கொள்ள அனுமதியும் தருகிறது. முன் ஆபீஸுக்கு ஒரு தொடர், கோடவுனுக்கு ஒரு தொடர் என்று அன்றே நான் பிரித்திருந்தால், இருவருக்கும் ஒரே பூட்டு தேவைப்பட்டிராது.

இன்னொரு நுட்பமான இடம், வருஷத்தின் முதல் வேலை நாள். புது வருஷத்துக்கு அந்தச் சின்ன அட்டவணையில் இன்னும் வரியே இல்லை. இல்லாத வரியின் மேல் பூட்டுப் போட முடியாது. இரண்டு பேர் ஒரே சமயத்தில், ‘வரி இல்லையே, நான் உண்டாக்குகிறேன், எனக்கு 1’ என்று புறப்பட்டால், பழைய விபத்து புது வேஷத்தில் வந்துவிடும். காரியாலயமும் வருஷமும் புத்தகமும் சேர்ந்ததைச் சாவியாக வைத்துத் தனித்துவக் கட்டுப்பாடு போட்டிருந்தால், இரண்டாமவருக்கு வரியை உண்டாக்க அனுமதி கிடைக்காது. மறுபடி முயன்று 2 வாங்கிக்கொள்வார். டிசம்பர் மாதத்திலேயே அடுத்த வருஷத்து வரிகளைத் தயாராக வைத்துவிடுவது இன்னும் உத்தமம்.

எண்ணின் அளவைப் பற்றி ஒரு சொல். சாதாரணமாக ஒதுக்கும் முழுஎண் பத்தியில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-க்கு மேல் எழுத இடமில்லை. யாருக்கு அவ்வளவு வேண்டும் என்று தோன்றும். 2018 நவம்பரில் அமெரிக்காவின் பேஸ்கேம்ப் என்ற சேவை ஓர் அட்டவணையில் அந்த எண்ணைத் தொட்டு, பல மணி நேரம் புதிதாக எதுவும் எழுத முடியாமல் நின்றது. புதிய அட்டவணைக்குப் பெரிய பத்தியையே ஒதுக்கிவிடுங்கள்.

இனி, இந்த ஊரிலே நின்று பேசுகிறவன் சொல்லாமற்போனால் குறையாகிவிடும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எண்ணுக்குள் விலாசத்தை நுழைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. முதல் இரண்டு இலக்கம் ஜில்லா, அடுத்த இரண்டு தாலுகா, அப்புறம் கிராமம், அப்புறம்தான் வரிசை என்று அமைத்தால், எண்ணைப் பார்த்தவுடனே ஊர் தெரியுமே என்பார்கள். இளையரசனேந்தலின் சரித்திரத்தைக் கேட்டுவிட்டு அப்படி அமைக்கட்டும். ஜமீன் காலத்திலும், 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்த பின்னும், இவ்வூர் திருநெல்வேலி ஜில்லாவில் சங்கரன்கோவில் தாலுகா. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோதும் இது திருநெல்வேலியிலேயே நின்றது. 2008-இல் இந்தக் குறுவட்டத்தின் 12 ஊராட்சிகளும் வருவாய் நிர்வாகத்துக்காகக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்ந்து தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போயின. ஊராட்சி ஒன்றியமோ குருவிகுளத்திலேயே நின்றுவிட்டது. 2019 நவம்பரில் சங்கரன்கோவிலும் குருவிகுளமும் தென்காசி மாவட்டத்துக்குப் போயின. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ஊராட்சிக் காரியத்துக்கு ஒரு மாவட்டம் என்று நீங்கள் அலைகிற அலைச்சலை நான் அறிவேன். அது தீர வேண்டிய குறை என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் கேட்பது, ஜில்லாவை வயிற்றில் சுமந்த ஓர் எண் உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், 1986-இலிருந்து 2019 வரையிலான முப்பத்து மூன்று வருஷத்தில் அது எத்தனை தரம் பொய்யாகியிருக்கும்? மாற்றினால் பழைய காகிதம் எல்லாம் செல்லாது. மாற்றாவிட்டால் எண் சொல்வது ஒன்று, நிஜம் வேறொன்று.

உங்கள் வயலின் புல எண்ணைப் பாருங்கள். அது கிராமத்துக்குள் மட்டும் தனித்தது. பக்கத்துக் கிராமத்திலும் அதே எண் இருக்கும், பாதகமில்லை, கிராமமும் எண்ணும் சேர்ந்ததே சாவி. வயலைப் பாகம் பிரித்தால் பழைய எண்ணை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை. அதன் கீழேயே ஒரு கோடிட்டு உட்பிரிவு போடுகிறார்கள். தாலுகாவின் பெயர் மாறியதற்காக வரப்புக்குள் இருந்த எண் மாற வேண்டிய அவசியம் நேரவில்லை. ஆதார் எண்ணை வகுத்தவர்களும் இந்த வழியையே பின்பற்றினார்கள். பன்னிரண்டு இலக்கத்தில் ஊரும் இல்லை, வயதும் இல்லை, ஜாதியும் இல்லை, கடைசி இலக்கம் மட்டும் முன் பதினொன்றும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்க்க வைத்தது. ஜில்லா வேண்டுமானால் அதற்கென்று ஒரு பத்தி இருக்கட்டும். அது மாறும்போது அந்தப் பத்தியை மாற்றிக்கொள்ளலாம். எண்ணைத் தொடாதீர்கள்.

நான் சொன்னதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த மேஜையின் மேல் இரண்டு மடிக்கணினிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே தரவுத்தளத்தோடு இணைக்கப்பட்டவை. இவ்வூர்ப் பிள்ளைகள் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். சின்ன அட்டவணையில் கடைசி எண் 416 என்று எழுதி வைத்திருக்கிறேன். இடப்பக்கத்துத் தம்பி பரிவர்த்தனையைத் தொடங்கி, எண்ணைக் கூட்டச் சொல்கிறார். 417 வந்துவிட்டது. தம்பி, இன்னும் ‘முடி’ என்று சொல்லாதீர்கள், அப்படியே கையை எடுத்துவிடுங்கள். இப்போது வலப்பக்கத்தில் இருக்கும் தங்கச்சி அதே ஆணையைக் கொடுக்கட்டும். பாருங்கள், எண் வரவில்லை. குறிமுள் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. முன்வரிசையில் இருக்கும் பெரியவர், ‘கெட்டுப்போச்சா?’ என்று கேட்கிறார். இல்லை, ஐயா, வாசலில் நிற்கிறது. தம்பி, இப்போது முடியுங்கள். வலப்பக்கத்தில் 418. தங்கச்சியும் முடித்துவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு தடவை. தம்பி மறுபடி தொடங்கி 419 வாங்கிவிட்டார். தங்கச்சி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். இந்த முறை, தம்பி, முடிக்காதீர்கள், முறித்துவிடுங்கள். முறித்தாயிற்று. அம்மா, உங்கள் திரையில் என்ன எண் வந்திருக்கிறது? சபையில் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள்.

நானூற்றுப் பத்தொன்பது.